குப்பைமேட்டின் ஆயுளும் மலையின் ஆயுளும்

(கோத்தகிரியில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று பொறுப்பாளர்கள் அழைத்தபோது, என்ன தலைப்பு என்று கேட்டார்கள். குப்பை என்றேன். தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பகவானின் பிறந்த நாளில் பேசத்தக்க பொருளா இது என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஏன் இதைத் தேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு இதே விழாவை நாம் குறைவின்றி நடத்தினோம். நீரை வடிகட்டியே உலையேற்றினோம். கிழங்கு வகைகளைத் தவிர்த்தோம். கதிரவன் மறைவதற்கு முன்பே அனைவரும் உணவை முடித்தோம். பின்னர் தொண்டர்கள் இலைகளையும், மிஞ்சிய சோற்றையும், காகிதக் கோப்பைகளையும், இனிப்புப் பெட்டிகளையும், வாடிய மாலைகளையும் ஒரே மூட்டைகளில் கட்டி மண்டபத்தின் பின்புறம் அடுக்கினார்கள். கட்டியவர்களுள் நானும் ஒருவன்.

மறுநாள் காலை குப்பை வண்டி வந்தது. அதில் வந்த தூய்மைப் பணியாளரான அம்மையார் ஒரு மூட்டையை அவிழ்த்து, பிரிப்பதற்காகக் கையை உள்ளே விட்டார். உடைந்த கண்ணாடிக் குவளை ஒன்று சோற்றுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அவர் உள்ளங்கை கிழிந்தது. நான் பதறிப்போய் மருந்து தேடி ஓடினேன். அவரோ முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு, "பரவாயில்லைங்க ஐயா, இது எங்களுக்குத் தினமும் இருக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தார்.

நீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அஞ்சி வடிகட்டிய நாம், கண்ணெதிரே நிற்கும் ஒரு தாயின் கைக்கு அஞ்சவில்லை. அந்தக் காலை என் மனத்தைவிட்டு அகலவில்லை. ஆகையால்தான் இந்தத் தலைப்பு.

வெளியே என்று ஓரிடம் இல்லை

குப்பையை நாம் "வெளியே" போடுகிறோம் என்று சொல்லுகிறோம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்தக் கோத்தகிரியில் "வெளி" என்பது எது? கோத்தர் வாழும் மலை என்பதே இவ்வூரின் பெயர்ப்பொருள். அம்மக்கள் மண்ணைக் குழைத்துப் பானை வனைந்தவர்கள். இரும்பைக் காய்ச்சிக் கருவி செய்தவர்கள். உடைந்த பானை மண்ணுக்கே திரும்பியது; தேய்ந்த இரும்பு உலைக்கே திரும்பியது. வெளியே எறிய வேண்டியது என்று அவர்களுக்குப் பெரிதாக எதுவும் இருந்திருக்காது.

இன்று தேயிலைத் தோட்டங்களையும், காய்கறி விளையும் அடுக்கு நிலங்களையும், படுகர் ஊர்களையும், காப்புக் காடுகளையும், செங்குத்தான சரிவுகளையும் கழித்துப் பாருங்கள். குப்பை கொட்டுவதற்கென்று சமதளமான நிலம் எங்கே மிஞ்சுகிறது? ஒரு குப்பைக்கிடங்கு நிரம்பிவிட்டால் அடுத்ததற்கு இடம் தேடும்போது, காட்டின் ஓரத்தையோ, நீரோடையின் தலைப்பையோ, ஏழை எளியவர் குடியிருப்பின் அருகையோதான் கை நீளும்.

இம்மலைகளில் விழும் மழை இங்கேயே தங்குவதில்லை. கோத்தகிரிச் சரிவுகளின் ஓடைகள் ஒரு பக்கம் மாயாற்றுக்கும் மறுபக்கம் பவானிக்கும் இறங்குகின்றன. அவ்விரு ஆறுகளும் பவானிசாகர் அணையில் ஒன்று சேர்ந்து, ஈரோட்டு மாவட்டத்து வயல்களுக்குப் பாய்ந்து, பவானி நகரில் காவிரியோடு கலக்கின்றன. நாம் மலைமேல் எறிவதன் சாறு, நாம் பெயரும் அறியாத உழவரின் வாய்க்காலைச் சென்றடைகிறது. வெளியே என்று நாம் எண்ணிய இடம் மற்றொருவரின் கிணற்றடி.

நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை உணர்ந்தே மலைப்பகுதிகளுக்குத் தனியாக ஒரு நெறியை வைத்தன. மலைமீது கழிவு நிரப்பும் தளம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். மலைமீது பதப்படுத்தியது போக எஞ்சியதை மட்டும் சேர்த்து, மலையடிவாரத்துச் சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் தேர்ந்த இடத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது அந்நெறி. "எஞ்சியதை மட்டும்" என்பதைக் கவனியுங்கள். சமவெளியிலும் யாரோ ஒருவருடைய ஊர் இருக்கிறது. எல்லாவற்றையும் கீழே உருட்டிவிட அந்த விதி நமக்கு உரிமை கொடுக்கவில்லை.

ஆயுளை நீட்டுவது எதற்காக?

இந்நிலையில் இருக்கின்ற குப்பைக்கிடங்கின் ஆயுளை நீட்ட வேண்டும், பிறகு அந்நிலத்தை இயற்கைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நான் சொன்னால், உங்களில் சிலர் வியப்படைவீர்கள். தீமையான ஒன்றின் ஆயுளை ஏன் நீட்ட வேண்டும்? நாளைக்கே மூடிவிடலாமே என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் குப்பை வருவது நிற்காமல் கிடங்கை மூடினால், மறுநாளே இன்னொரு கிடங்கு திறந்தாக வேண்டும். ஒரு புண்ணை ஆற்றுவதற்காக உடலில் வேறோரிடத்தில் புதுப்புண் உண்டாக்குவோமா? கெட்டுப்போன நிலம் ஒன்று கெட்டதாகவே இன்னும் சில காலம் பயன்படட்டும். கெடாத நிலம் கெடாமலே இருக்கட்டும் என்பதே இதன் உட்கருத்து. பழைய கிடங்கிற்குக் கூட்டித் தரும் ஒவ்வோர் ஆண்டும், எங்கோ ஒரு மலைச்சரிவுக்கு நாம் அளிக்கும் அபயதானம்.

ஆயுள் எப்படி நீளும்? கணக்கு எளியது. நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வரும் மக்கும் பொருள். எஞ்சியதிலும் காகிதம், அட்டை, கண்ணாடி, உலோகம், தூய நெகிழி ஆகியவை பழைய பொருள் கடைக்குப் போகத் தக்கவை. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரு தெருவிலிருந்து பத்துக் கூடை குப்பை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கூடை எருவாகி, மூன்று கூடை மறுபயனுக்குப் போனால், கிடங்கைச் சேர்வது இரண்டே கூடை. பத்தாண்டில் நிரம்ப இருந்த இடம் நிரம்ப ஐம்பதாண்டாகும். புதிதாக ஓர் அடி நிலமும் தேவைப்படவில்லை. சமையலறையில் இரண்டாவதாக ஒரு வாளி வைத்ததுதான் செலவு.

பிரிக்காமல் கொட்டினால் என்ன நேர்கிறது? நெகிழிப் பைக்குள் கட்டுண்ட சோறும் காய்கறித் தோலும் காற்றின்றி அழுகுகின்றன. அதிலிருந்து மீத்தேன் என்னும் எரிவாயு பிறக்கிறது. குப்பைமேடுகள் தானாகவே தீப்பற்றிப் புகைவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே விழும் மழை அழுகலைக் கழுவிக்கொண்டு கரிய கசிவுநீராகக் கீழே இறங்குகிறது. உணவின் மணம் அறிந்து காட்டெருமையும் கரடியும் காட்டுப்பன்றியும் வருகின்றன. உப்பும் எண்ணெயும் தோய்ந்த பையை அவை உணவென்றே விழுங்குகின்றன. ஐயறிவு உயிரொன்று வயிற்றில் நெகிழியோடு நாள்கணக்கில் துடித்து இறப்பதற்கு, அந்தப் பையை முடிச்சிட்ட விரல்கள் காரணமில்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

மலைச்சரிவில் இன்னொரு பேரிடரும் உண்டு. 2009 நவம்பரில் பெய்த கனமழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணே சரியும் இடத்தில், பிடிப்பற்ற குப்பை எத்தனை நாள் நிற்கும்? இலங்கையில் கொழும்பு நகரை அடுத்த மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று குப்பைமலை சரிந்து, அடிவாரத்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று தமிழர்க்கும் சிங்களவர்க்கும் புத்தாண்டு நாள். விருந்துக்கு அமர்ந்திருந்த வீடுகளின் மேல் ஒரு நகரத்தின் பழைய விருந்துகளின் மிச்சம் விழுந்தது.

ஊற்றும் செறிப்பும் உதிர்ப்பும்

நம் முன்னோர் உயிரைப் பற்றிய வினை ஊறி வருவதை ஊற்று என்றார்கள். வரும் வழியை அடைப்பதைச் செறிப்பு என்றார்கள். சேர்ந்ததைக் களைவதை உதிர்ப்பு என்றார்கள். இவை நிறைவுற்றபின் அடைவதை வீடு என்றார்கள். ஏரியில் மதகுவழியே நீர் வந்துகொண்டே இருக்கும்போது இறைத்துப் பயனில்லை. முதலில் மதகை அடைக்க வேண்டும் என்று பாட்டிமார் நமக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குப்பைமேட்டின் வரலாறும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. வரிசையை மாற்றியவர்கள் எல்லோரும் பொருளையும் காலத்தையும் இழந்தார்கள்.

செறிப்புக்குச் சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டிற்கு எஞ்சியிருக்கும் ஒரே கழிவு நிரப்பும் தளம், கடலுக்குள் இரு தீவுகளை 7 கிலோமீட்டர் நீளக் கரையால் இணைத்து அமைத்த செமாகாவ் தளம். அது 1999-இல் செயற்படத் தொடங்கியது. நாட்டின் எரியத்தக்க குப்பை முழுவதும் முறையான உலைகளில் எரிக்கப்பட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய சாம்பலாகவே அங்குச் செல்கிறது. அவ்வளவு செய்தும் 2045 வரை நீடிக்கும் என்று கருதப்பட்ட தளம் 2035-இலேயே நிரம்பிவிடும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நுகர்ச்சி பெருகியதால் தளத்தின் ஆயுளில் பத்தாண்டு கரைந்தது. ஆகையால் அங்கு அனுப்பும் அன்றாடக் கழிவை 2030-க்குள் 30 விழுக்காடு குறைப்பது என்று 2019-இல் அந்நாடு இலக்கு வைத்தது. பொருளும் தொழில்நுட்பமும் நிறைந்த நாடே கடைசியில் வந்து நின்ற இடம், "குறைவாக எறிவோம்" என்பதுதான்.

அந்தத் தளத்தை அமைக்கும்போது அழிந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாகப் புதிய அலையாத்தி மரங்களை நட்டு வளர்த்தார்கள். அதற்கு முன் பயன்பட்டு 1999-இல் மூடப்பட்ட லோரோங் ஹாலுஸ் தளத்தின் ஒரு பகுதி 2011-இல் ஈரநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பழைய குப்பையின் கசிவுநீர் அருகிலுள்ள நீர்த்தேக்கத்தைக் கெடுக்காமல், நாணல்களின் வேர்கள் அதைத் தூய்மை செய்கின்றன.

உதிர்ப்புக்கு நம் சென்னையைப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியான பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டது. ஏறத்தாழ 225 ஏக்கர் நிலம். அங்கே குவிந்த பழைய குப்பையைப் பயோமைனிங் என்னும் முறையில் தோண்டிப் பிரித்தார்கள். மேட்டை உடைத்து நீண்ட வரப்புகளாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டி உலர்த்தி, சுழல் சல்லடைகளில் சலிப்பார்கள். மண் போன்ற பொடி ஒருபுறம், கல்லும் செங்கல்லும் ஒருபுறம், துணியும் நெகிழியும் ஒருபுறம் விழும். எரியத்தக்கவை சிமென்ட் ஆலைகளுக்குப் போகும். இப்படிப் பல இலட்சம் டன் குப்பையைச் சலிக்கக் கோடிக்கணக்கில் செலவாகிறது. அந்தச் சதுப்புநிலம் 2022-இல் பன்னாட்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சமையலறையில் ஒரு நொடியில் பிரித்திருக்கக் கூடியதை, ஒரு தலைமுறை கழித்து இயந்திரங்களால் பிரிக்கிறோம். அன்று கலந்ததற்கு இன்று கொடுக்கும் விலை அது.

நமக்கு மிக அருகில் குன்னூர் இருக்கிறது. அந்நகரின் குப்பை நெடுங்காலம் ஓட்டுப்பட்டறைச் சரிவில் கொட்டப்பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம் அது. கிளீன் குன்னூர் என்னும் தன்னார்வ அமைப்பும் நகராட்சியும் கைகோத்து, அந்த இடத்தைக் குப்பையைத் தரம் பிரித்து மறுபயனுக்கு அனுப்பும் இடமாகவும், செடிகொடிகள் வளரும் இடமாகவும் மாற்றின. அங்கு என்னைக் கவர்ந்தது மலர்ச்செடிகளைவிடப் பிரிக்கும் கொட்டகைதான். வருவதை வாயிலிலேயே பிரித்துவிடுவதால் மேடு மீண்டும் வளர இடமில்லை. அங்கே முதலில் செறிப்பு நடந்தது. பிறகே செடி வளர்ந்தது.

இயற்கைக்குத் திருப்பித் தருவது

மேடு அடங்கிய பின் அந்நிலத்தை அப்படியே விட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டா. கிளறிய மண்ணில் இங்கே முதலில் வருபவை உண்ணிச்செடியும் சீகை மரமும்தாம். பசுமையாகத் தெரியும், பறவைக்கும் ஓடைக்கும் பெரும்பயன் இராது.

முறையாகச் செய்வதென்றால், முதலில் சரிவைப் படிகளாகச் சீர்செய்து அடியில் தாங்குசுவர் கட்ட வேண்டும். மழைநீர் உள்ளே இறங்காதவாறு களிமண் போன்ற நீர் புகா அடுக்கால் மூட வேண்டும். கசிவுநீரைத் தனியே வடித்துத் தூய்மை செய்ய வேண்டும். உள்ளே பிறக்கும் வாயு வெளியேறக் குழாய்கள் வேண்டும். அதன்மேல் நல்ல மண் பரப்பி, முதலில் புல் வளர்க்க வேண்டும். ஆழ வேரோடும் மரங்களை எடுத்தவுடன் நட்டால் வேர்கள் மூடிய அடுக்கைத் துளைத்துவிடக் கூடும். நீலகிரிக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. இம்மலையுச்சிகளின் இயல்பான போர்வையே புல்வெளிதான். மடிப்புகளில் மட்டும் சோலை. ஆகவே மூடிய மேட்டில் இம்மலைக்குரிய புற்களும், ஈரமான ஓரங்களில் சோலை மரக் கன்றுகளும் என்று வைத்தால், நாம் இயற்கையின் ஒழுங்கையே பின்பற்றியவர்களாவோம்.

இது எத்தனை காலப் பணி? அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிரஷ் கில்ஸ் என்னும் மாபெரும் குப்பைத்தளம் 1948-இல் தொடங்கி 2001-இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,200 ஏக்கர் பரப்புள்ள அதைப் பூங்காவாக மாற்றும் பணியில், அதன் வடக்குப் பகுதியில் முதற்கட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது 2023-இல். கொட்டியது ஐம்பது ஆண்டு. ஆறுவதற்கு அதில் ஏறத்தாழப் பாதி ஆகியும் பணி முடியவில்லை.

கெடாத இடத்தைக் காப்பது எவ்வளவு பெரியது என்பதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. இந்த மண்டபத்திலிருந்து சிறிது தொலைவில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் பரப்புதான். ஊரை ஒட்டியிருந்தும் பிழைத்திருக்கிறது. சோலையில் விழும் மழையைப் பாசியும் சருகும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. கீழேயுள்ள பல ஊர்கள் அந்நீரை நம்பியிருக்கின்றன. வேறெங்கும் காணக் கிடைக்காத இம்மலைப் பறவைகள் அதில் வாழ்கின்றன. அன்பர் சிலர் பல ஆண்டுகள் விழித்திருந்து காத்ததன் பயனாக 2024 ஜனவரியில் அதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. விழா முடிந்து ஊர் திரும்பும் முன், குழந்தைகளை அழைத்துச்சென்று அதன் ஓரத்தில் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். குப்பைக்கிடங்கின் ஆயுளை நீட்டி நாம் காக்க நினைப்பது இத்தகைய இடங்களைத்தான்.

எறிவதும் ஓர் ஒழுக்கம்

இனி நமக்கே உரிய செய்தி ஒன்று. துறவியர்க்கு ஐந்து சமிதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நடப்பது, பேசுவது, உணவு ஏற்பது, பொருளை எடுத்து வைப்பது என்ற நான்கோடு, கழிப்பது என்பதும் ஐந்தாவதாக நிற்கிறது. உடற்கழிவை எங்கே விடுகிறோம், அங்கே உயிர் உண்டா, பிறர்க்குத் துன்பம் ஆகுமா என்று கண்ணால் பார்த்து, பீலியால் துடைத்து, பின்னரே விட வேண்டும் என்பது உத்சர்க்க சமிதி. உண்பதற்கு விதி வகுத்த அறங்கள் பல உண்டு. எறிவதற்கும் அதே அளவு விழிப்பைக் கேட்டது நம் அறம். இல்லறத்தாருக்கு அந்த நோன்பு முழுமையாக விதிக்கப்படவில்லை என்றாலும், அதன் உட்பொருள் நமக்கும் உரியதே.

நம் குலத்தொழிலான உழவிலும் இது இருந்தது. நம் ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கொல்லையிலும் எருக்குழி இருந்ததை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அறிவீர்கள். வீட்டைப் பெருக்கிய குப்பை, சாணம், சாம்பல், சருகு எல்லாம் அதில் சேரும். கோடை உழவுக்கு முன் வண்டி கட்டி வயலுக்கு எடுத்துப்போவோம். குழி ஒவ்வோர் ஆண்டும் காலியானது. அதற்கு ஆயுள் முடிவே இல்லை. நகரத்துக்கு வந்தபோது நாம் மறக்காமல் கொண்டுவந்தவை பல. எருக்குழியை மட்டும் விட்டுவிட்டு வந்தோம்.

ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "தம்பி, மக்கச் செய்தால் அதில் புழு உண்டாகும், உயிர்கள் மாளும். அது ஹிம்சை ஆகாதா?" தள்ளிவிடத் தக்க கேள்வி இல்லை இது. நான் அவருக்குச் சொன்ன மறுமொழி இது. இல்லறத்தில் சமைப்பதாலும் பெருக்குவதாலும் உழுவதாலும் வரும் ஆரம்ப ஹிம்சையை முழுதும் நீக்க இயலாது, குறைக்கத்தான் இயலும். சோறும் தோலும் நம் வீட்டில் மிஞ்சிய பின், அவை எங்கு இருந்தாலும் மக்கவே போகின்றன. நம் கண் பார்க்கும் குழியில், காற்றோட்டத்தோடு, சருகும் மண்ணும் தூவி மக்கினால் உண்டாவது எரு. கண் காணாத மேட்டில், நெகிழியோடு அடைபட்டு அழுகினால் உண்டாவது நச்சுநீர். அதில் மாளும் உயிர்களுக்கு எண்ணிக்கை இல்லை. நேரில் பார்க்காததால் நம் பங்கு குறைந்துவிடுமா? பெரியவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் மிஞ்சாமல் சமைப்பதுதான் முதல் அறம்" என்றார். அவர் என்னைவிடச் சரியாகச் சொன்னார். பொருள் வரைதல் என்று நாம் கொண்ட விரதம் அங்கேயே தொடங்குகிறது.

அரசின் கை இல்லாமல் இவை நடக்குமா என்றும் கேட்கலாம். சட்டமும் வேண்டும். நெகிழிப் பைகளை விலக்குவதில் நீலகிரி மாவட்டம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முன்னின்றது. மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை 2019 ஜனவரி முதல் நாள் வந்தது. உடைந்த மதுப்புட்டிகளால் யானைகளின் கால்கள் புண்படுவதைக் கண்ட உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், 2022 மே மாதம் முதல் இம்மாவட்ட மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அப்பணத்தைத் திரும்பத் தரும் முறை வந்தது. காட்டில் கிடந்த புட்டிகள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. மது நமக்கு முற்றும் விலக்கு. ஆயினும் நினைத்துப் பாருங்கள்: 10 ரூபாய்க்காகக் குடிப்பவர் ஒருவர் புட்டியைத் திருப்பித் தருகிறார். விரதம் ஏற்ற நாம் எதற்காகவும் திருப்பித் தராமல் இருக்கலாமா?

என் விண்ணப்பம்

நிறைவாக, இந்தச் சபைமுன் சில விண்ணப்பங்களை வைக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காததற்கு ஒன்று, கண்ணாடி, மருந்து, மின்கலம் போன்ற ஊறு செய்பவற்றுக்குத் தனியாக ஒரு பெட்டி வையுங்கள். கண்ணாடித் துண்டைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். அந்த அம்மையாரின் கையை நினைத்துக்கொண்டு கொடுங்கள். சிறிது இடமிருந்தால் எருத்தொட்டி வையுங்கள். மலைக்குளிரில் மக்குவதற்கு நாள் கூடும். வெயில் படும் இடத்தில் வைத்து, ஈரம் மிகாமல் சருகு கலந்தால் போதும். எதையும் எரிக்க வேண்டா. மலைக்கு வரும்போது கொண்டுவந்த பொட்டலங்களின் உறைகளை, இறங்கும்போது உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.

அறக்கட்டளையாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் நெகிழி பூசிய காகிதக் கோப்பை ஒன்றும் வேண்டா. எவர்சில்வர் தட்டும் குவளையும் வாங்குவோம். அதற்கு முதல் தொகையை நான் தருகிறேன். மண்டபத்தின் பின்புறம் இலைக்கும் சோற்றுக்கும் ஓர் எருக்குழி எடுப்போம். மாலைகளையும் அதிலேயே சேர்ப்போம். பகவானின் திருவடியில் இருந்த மலர் அடுத்த ஆண்டு நம் தோட்டத்து மலருக்கு உரமாகட்டும்.

விழா முடிந்த மறுநாள் காலை வண்டி வரும்போது, அந்த அம்மையார் அவிழ்த்துப் பிரிப்பதற்கு நம்மிடம் ஒரு மூட்டையும் இருக்கக் கூடாது. பிரித்து வைத்த சிறிய பை ஒன்றை நாமே அவர் கையில் கொடுத்து, வணங்கி நிற்க வேண்டும். அந்தக் காலையைக் காண நான் காத்திருக்கிறேன்.

ஊற்றை இன்று அடைப்போம். சேர்ந்ததை நம் பிள்ளைகள் உதிர்ப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்த மேட்டில் புல் அசைவதைக் காண்பார்கள்.

அறம் வளர்க! அஹிம்சை ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!